வயிற்றைப் பிடுங்காத சிவப்பு ஒயின் உண்டா? பிரான்ஸின் போஜொலே மலைகளில் ஒரு சுற்று!

லியோன் நகரத்துக்காரர்கள் ஒரு பழைய வேடிக்கை சொல்வார்கள். அவர்கள் ஊரில் மூன்று ஆறுகள் ஓடுகின்றனவாம். ஒன்று ரோன், இன்னொன்று சோன். மூன்றாவது? போஜொலே!

முதல் இரண்டும் நிஜ ஆறுகள். மூன்றாவது, ஊருக்கு வடக்கே இருக்கும் மலைச்சரிவுகளிலிருந்து வந்து இறங்கும் சிவப்பு ஒயின். பழ வாசனை தூக்கலாக, நாக்கைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும் ரகம். 'சிவப்பு ஒயின் எனக்கு ஒத்துக்காது, வயிற்றைப் பிடுங்கும்' என்று சொல்பவர்களுக்கு ஒயின் தெரிந்தவர்கள் பெரும்பாலும் சிபாரிசு செய்வது இதைத்தான். அந்த சிபாரிசு எந்த அளவுக்கு உண்மை?

லியோனில் ரயில் ஏறினால் அரை மணி நேரப் பயணத்தில் வில்ஃபிரான்ஷ். போஜொலேவின் வாசல் இதுதான். தெற்குப் பக்கக் கிராமங்களில் வீடு, தேவாலயம், மதில் எல்லாமே மஞ்சள் நிற சுண்ணாம்புக் கல். மாலை வெயில் பட்டால் ஊரே மஞ்சள் பூசிக் குளித்தது போல ஜொலிக்கும். 'தங்கக் கற்கள்' என்றே அந்தப் பகுதிக்குப் பெயர். வடக்கே போகப் போக மண் மாறுகிறது. கிரானைட் பாறை உதிர்ந்த மணல், செங்குத்தான சரிவுகள். நம் ஊர்ப் பந்தல் திராட்சையை மனதில் வைத்துப் போனால் ஆச்சரியம்தான். பழைய தோட்டங்களில் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. இடுப்பு உயரம்கூட வராத குத்துச்செடிகளாக நிற்கின்றன.

இந்தத் திராட்சையின் பெயர் கமே. இதற்கு ஒரு சோகமான முன்கதை உண்டு. 1395-ல் பர்கண்டியை ஆண்ட பிலிப் என்ற கோமகன், 'இது துரோகச் செடி, பிடுங்கி எறியுங்கள்' என்று உத்தரவு போட்டார். நிறையக் காய்க்கும், ஆனால் தரமில்லை என்பது குற்றச்சாட்டு. பர்கண்டியில் மவுசு இழந்த கமே, தெற்கே இருந்த இந்தக் கிரானைட் மலைகளில் வேர் பிடித்துக்கொண்டது. இங்கே அதுதான் ராஜா!

சிவப்பு ஒயினின் துவர்ப்புக்குக் காரணம் டானின். திராட்சையின் தோல், விதை, காம்பில் இருக்கிறது. பாக்கு மென்றால், நெல்லிக்காய் கடித்தால், வாய் வறண்டு இழுக்குமே... அதே குடும்பம்தான். கமேயில் இயல்பாகவே டானின் குறைவு. அதோடு போஜொலேக்காரர்களின் செய்முறையும் சேர்ந்துகொள்கிறது.

பல ஊர்களில் திராட்சையைக் காம்பு நீக்கி, உடைத்து, தோலோடு ஊற வைப்பார்கள். இங்கே கொத்தைக் கொத்தாகவே தொட்டியில் போடுகிறார்கள். அடியில் கிடக்கும் பழங்கள் மேலே உள்ள பாரத்தில் நசுங்கி நொதிக்க ஆரம்பிக்கும். அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு தொட்டியை நிரப்பிவிடும். காற்றில்லாத அந்தச் சூழலில், மேலே இருக்கும் முழுப் பழங்கள் உடையாமலேயே உள்ளுக்குள் நொதிக்கத் தொடங்கும். நிறம் இறங்கும், துவர்ப்பு அதிகம் இறங்காது. ஸ்ட்ராபெரி, செர்ரி வாசனை தூக்கலாக வரும். நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை விற்பனைக்கு வரும் புது ஒயினில் சில நேரம் வாழைப்பழ வாசனையே வீசும்! பழம் உடையாமல் தொட்டிக்குப் போக வேண்டும் என்பதால்தான் இங்கே பெரும்பாலும் கையால் அறுவடை.

சரி, வயிறு?

இங்கேதான் அந்த சிபாரிசு பாதியில் நிற்கிறது. டானின் வேலையைக் காட்டுவது முக்கியமாக வாயில். எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறள்கிறது. வயிற்றுக்குள் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் ஆல்கஹால். அது இரைப்பையின் உட்சுவரை உறுத்தும். உணவுக்குழாயின் கீழ் முனையில் உள்ள வால்வு போன்ற தசையைத் தளர்த்தும். அமிலம் மேலேறி நெஞ்செரிச்சல் வரும். போதாததற்கு கமே புளிப்பு கூடிய திராட்சை. ஒயினாகும்போது அந்தப் புளிப்பின் ஒரு பகுதி, பாலிலும் தயிரிலும் இருக்கும் லாக்டிக் அமிலமாக மாறி மென்மையாகிறது என்பது கொஞ்சம் ஆறுதல். ஆக, நாக்குக்கு இதம் என்பது நிச்சயம். வயிற்றுக்கு இதம் என்பது ஆளைப் பொறுத்தது, அளவைப் பொறுத்தது. அல்சர் உள்ளவர்களும் வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் 'லேசான ஒயின்தானே' என்று இறங்குவது சரியில்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது என 2023-ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

குடிப்பவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கலாம்? போஜொலேவில் தனிப் பெயர் பெற்ற ஊர்ப் பகுதிகள் 10. அவற்றின் பாட்டில்களில் போஜொலே என்ற பெயரே பெரிதாக இருக்காது, ஊர்ப் பெயர்தான் இருக்கும். அது தெரியாமல் கடையில் தேடித் தேடிக் களைத்துப்போகிறவர்கள் உண்டு. இருப்பதில் உயரமான, குளிர்ந்த இடம் ஷிரூபிள். அதன் ஒயின் பொதுவாக லேசாக இருக்கும். ஃப்ளூரி பூ வாசனைக்காரி. ப்ரூயியும் ரெஞ்யேவும் பழச்சுவைக்குப் பேர் போனவை. மொர்கோன், மூலான் ஆ வான் இரண்டும் கனமானவை, ஆண்டுக்கணக்கில் வைத்துக் குடிப்பவை. துவர்ப்பு பிடிக்காதவர்கள் அங்கே அவசரப்பட வேண்டாம். எதுவானாலும் லேசாகக் குளிரூட்டி, 13 டிகிரி வாக்கில் பரிமாறுவது வழக்கம்.

ஊர்ப் பெயரை விட முக்கியமானது லேபிளில் பொடியாக அச்சிட்டிருக்கும் ஆல்கஹால் சதவிகிதம். 150 மில்லி கிளாஸில் 12 சதவிகித ஒயின் என்றால் சுமார் 14 கிராம் ஆல்கஹால். 14 சதவிகிதம் என்றால் 16 கிராமைத் தாண்டும். லேசான ஒயின் என்ற பெயரை நம்பி வாங்கினால் இந்த இடத்தில்தான் ஏமாற வேண்டியிருக்கும். வெயில் கூடினால் திராட்சையில் சர்க்கரை கூடும். சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுகிறது. 2018, 2020 போன்ற வெப்பமான ஆண்டுகளில் இங்கேயே 14-ஐத் தொட்ட பாட்டில்கள் வந்தன. செப்டம்பர் வேலையாக இருந்த அறுவடை, சூடான ஆண்டுகளில் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறது. லேசானது என்பதற்காகவே உலகம் தேடி வரும் ஒயினுக்கு வானமே எதிராகத் திரும்பினால், விவசாயி என்ன செய்வார்?

மலை இறங்கி லியோனுக்குத் திரும்பினால், 'பூஷோன்' என்று அழைக்கப்படும் சின்னச் சின்ன உணவகங்கள். மேஜைக்கு இந்த ஒயின் வருவது அடிப்பாகம் தடித்த கண்ணாடிக் குப்பியில். பெயர் 'போ', கொள்ளளவு 46 சென்டி லிட்டர். 12.5 சதவிகித ஒயின் என்றால் ஒரு குப்பியில் 45 கிராம் ஆல்கஹால். 10 கிராமை ஒரு அளவாக வைத்து, ஒரு நாளைக்கு 2-க்கு மேல் வேண்டாம், தினமும் வேண்டாம் என்பது பிரான்ஸ் சுகாதாரத் துறையின் அறிவுரை. அந்தக் கணக்குப்படி, ஒரு போவை 2 பேர் பகிர்ந்தாலே அளவு கொஞ்சம் தாண்டிவிடும். 3 பேர் என்றால் சரியாக இருக்கும். கூடவே ஒரு ஜாடி தண்ணீர் கேட்கலாம். அதற்குக் காசு கிடையாது.