சட்டம் கற்றவர் சமைத்த கலைக்கூடம்

கல்வி ஒருவனை ஊரினின்றும் பிரித்து உயர்த்துவதே பெருவழக்கு. கற்றவன் தலைநகர் செல்கின்றான். அங்கேயே வாழ்வு தேடுகின்றான். ஊருக்கு அவன் வெறும் பெருமைப் பெயராக எஞ்சுகின்றான். இவ்வழக்கிற்கு மாறாக, தாம் பெற்ற கல்வியை ஊருக்கே மீட்டளிக்க முயன்றவர் என்ற வகையில் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் வாழ்வு ஆராய்தற்குரியது.

1948 ஒக்டோபர் 23 இல் சம்மாந்துறையிற் பிறந்த அவர், கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலையிற் கற்று, கொழும்பிலே சட்டக் கல்லூரியிற் பயின்று சட்டத்தரணியானார். கவிதையும் அவருக்குக் கைவந்தது. ‘நான் எனும் நீ’ அவர்தம் கவிதைத் தொகுதி. 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு இணைந்து உழைத்த அவரே, 1981 இல் காத்தான்குடியிலே ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸைத் தோற்றுவித்தார். 1986 இல் அது அரசியற் கட்சியாக உருமாறியது.

அவர் கற்ற சட்டம் எங்கே பயன்பட்டது? 1978 ஆம் ஆண்டின் யாப்பு, ஒரு தேர்தல் மாவட்டத்தில் எட்டிலொரு பங்கு வாக்கேனும் பெறாத கட்சிக்கு ஆசனம் மறுத்தது. 1988 இல் பதினைந்தாம் திருத்தம் அதனை இருபதிலொரு பங்காகக் குறைத்தது. இதனை வற்புறுத்தி வென்றவர்களுள் அஷ்ரஃப் முதன்மையானவர். மாறியது ஓர் எண்ணே. ஆயினும் சிறிய கட்சிகள் அனைத்திற்கும் அவ்வெண் வாயில் திறந்தது. 1989 இல் அவர் பாராளுமன்றம் புகுந்தார். 1994 இல் கப்பற்றுறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு அமைச்சரானார்.

போர்ச் சூழலால் வந்தாறுமூலையிற் கல்வியைத் தொடரவியலாத மாணவர்க்காக, 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அட்டாளைச்சேனையில் முப்பத்து மூன்று மாணவருடன் தொடங்கியது. மறு ஆண்டே அது பல்கலைக்கழகமாயிற்று; பின்னர் ஒலுவிலில் நிலைகொண்டது. ஒரு சமூகத்தின் இடர்ப்பாட்டிற் பிறந்த நிறுவனம் அச்சமூகத்துள்ளேயே ஒடுங்கிவிடுமோ என்ற ஐயம் எழுதல் இயல்பு. இன்று மூவினத்து மாணவரும் அங்கே ஒருங்கு பயில்வதே அதற்குத் தக்க விடையாம். அதனைக் காண அவர் நெடுநாள் இருக்கவில்லை. 2000 செப்டெம்பர் 16 இல் அரநாயக்க மலைப்பகுதியில் நேர்ந்த உலங்குவானூர்தி விபத்தில் உயிர் நீத்தார்.

அப்பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் அவர் பிறந்த சம்மாந்துறையிலேயே அமைந்துள்ளது. காரைதீவுச் சந்தியிலிருந்து அவ்வூருக்குச் செல்லும் வீதி, வயல்வெளிகளினூடே மாவடிப்பள்ளியைக் கடக்கின்றது. 2024 நவம்பரில் வெள்ளம் அவ்வீதியை மூடியவேளை, மத்ரஸா மாணவரை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது; சிறுவர் பலர் மாண்டனர். கற்கச் சென்ற பிள்ளை வீடு மீளும் வழியும் கல்வியின் ஒரு பகுதியே என்பதை அத்துயர் உணர்த்துகின்றது. கலைக்கூடம் எழுப்புதல் ஒரு தலைமுறையின் பணியாயின், அதற்குச் செல்லும் பாதையை அச்சமற்றதாக்குதல் அதிற் கற்றுத் தேறியோரின் கடனாகும்.