இரண்டு அங்குல உயரம்

பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்களுக்கு மேல் காலந்தள்ளியவன் நான். சூறாவளியைப் பற்றியும் வெள்ளத்தைப் பற்றியும் ஆழிப்பேரலையைப் பற்றியும் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறேன். ஒரு வாகனத்தின் அடிவயிற்றைப் பற்றி எழுத நேரும் என்று ஒருபோதும் எண்ணியதில்லை. பேராதனையில் கலைப்பட்டம் பெற்றவனுக்கு ஷக்கிளும் டோஷன் பாரும் எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்யக்கூடும். செய்யட்டும். இந்தக் கதையில் பிழை என்னிடமிருந்துதான் ஆரம்பமாகிறது. ஆகவே எழுதவேண்டிய கடமையும் எனக்குத்தான் உண்டு.

வெளிநாடுகளில் இருந்து வாசிக்கும் அன்பர்களுக்காக ஊரின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு வாவி எங்கள் மாவட்டத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. கடற்பக்கம் எழுவான்கரை, ஞாயிறு எழும் கரை. மேற்கே வயலும் மேய்ச்சல் தரையுமாக விரிவது படுவான்கரை, ஞாயிறு படும் கரை. வைத்தியசாலை, கந்தோர், பெரிய பாடசாலை எல்லாம் எழுவான்கரையில். நெல்லும் பாலும் தயிரும் படுவான்கரையில். மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது 2014 ஏப்ரலில்தான். அதுவரை 'பாதை' என்று நாங்கள் அழைக்கும் மிதவையில் ஏறித்தான் வாகனங்களும் மனிதர்களும் கரை கடந்தார்கள். பாலம் வந்தபின்னரும் அதற்கு அப்பாலுள்ள உள்வீதிகள் மாரியில் தாழ்ந்துதான் போகின்றன. முகத்துவாரம் வெட்டப்பட்டு வாவி நீர் கடலுக்கு இறங்கும்வரை, வயலெது வீதியெது என்று தெரியாது.

2011 ஜனவரி வெள்ளத்தை நான் மறக்கவில்லை. இலங்கை முழுவதும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்த அந்த வெள்ளத்தில் எங்கள் மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. நோயாளிகளைத் தோணியில் ஏற்றி வந்ததைக் கண்ணால் கண்டு எழுதியவன் நான். அந்தக் காட்சி நெஞ்சுக்குள் கிடந்ததுதான் பின்னர் என்னை அவசரப்படுத்தியது.

என் அக்கா கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். அத்தானுக்குச் சிறுநீரகம் பழுதடைந்து, கிழமைக்கு இரண்டு தடவை நகருக்கு வந்து குருதி சுத்திகரித்தாக வேண்டும் என்ற நிலை 2023 நடுப்பகுதியில் ஏற்பட்டது. அவர்களிடம் இருந்தது ஒரு பழைய மிட்சுபிஷி எல்200 டபிள் கெப். அக்காவின் மகன், என் மருமகன், அதில்தான் நெல்மூட்டையும் பால்கலனும் ஏற்றிப் பிழைப்பு நடத்துகிறான். புதிதாக ஒன்றை வாங்கும் பேச்சுக்கே அப்போது இடமில்லை. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய இரும்புக்குக்கூடத் தங்கத்தின் விலை.

"மாரி வந்தா எப்படிக் கொண்டுபோறது மாமா?" என்று அவன் கேட்டான்.

"வண்டியை உயர்த்துவோம்" என்றேன் நான். இணையத்தில் இரண்டு மூன்று காணொளிகள் பார்த்திருந்தேன். செய்தி எழுதும்போது இரண்டு மூலங்களில் உறுதிப்படுத்தாமல் ஒரு வரியும் எழுதாதவன், இதில் மட்டும் காணொளிகளை நம்பிவிட்டேன். காசும் நான்தான் கொடுத்தேன்.

நகருக்கு வெளியே ஒரு கராஜில் ஒரே நாளில் வேலை முடிந்தது. இந்த வகை வண்டியின் முன்பக்கத்தில் சுருள்வில் கிடையாது. டோஷன் பார் என்ற நீளமான உருக்குத் தண்டு முறுகித்தான் வண்டியைத் தாங்குகிறது. அதன் பின்முனையில் உள்ள போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் எழும்பும். காசில்லாத உயர்த்தல் என்று இதைச் சொல்வார்கள். பின்பக்கத்தில் வில்லுத்தகடுகளின் கடைமுனையைத் தாங்கும் ஷக்கிளைக் கழற்றிவிட்டு, இரும்புத் தகட்டை வெட்டிச் செய்த நீளமான ஷக்கிளைப் பூட்டினார்கள். ஷக்கிளை நான்கு அங்குலம் நீட்டினால்தான் வண்டி ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயரும் என்பதை அன்றுதான் அறிந்தேன். வண்டி கம்பீரமாக நின்றது. மருமகன் புகைப்படம் எடுத்து வெளிநாட்டிலுள்ள தம்பிக்கு அனுப்பினான்.

மூன்றாம் நாளே சத்தம் ஆரம்பித்தது. சிறு பள்ளத்தில் இறங்கினாலும் முன்பக்கத்தில் சுத்தியலால் தட்டுவதுபோல் 'டக்' என்று ஓர் அடி. ஷொக் அப்சோபர் போய்விட்டது என்றார்கள். இரண்டும் புதிதாகப் போட்டோம். சத்தம் போகவில்லை. பிறகு நாற்பது, ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் பின்னாலிருந்து ஒரு நடுக்கம் வந்தது. டயர் பலன்ஸ் என்றார்கள். அதையும் செய்தோம். நடுக்கம் இருந்தது. ஸ்டியரிங் நேரே நிற்காமல் அலைந்தது. முன் டயர்கள் ஓர் ஓரத்தால் மட்டும் தேய்ந்தன. இரவில் எதிரே வருபவர்கள் எல்லோரும் எங்களுக்கு விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினார்கள். முன்பக்கம் எழும்பியதால் எங்கள் வெளிச்சம் அவர்கள் கண்ணுக்குள் போகிறது என்று விளங்கவே எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. சுத்திகரிப்பு முடிந்து வரும் நாட்களில் அவருடைய உடம்பு பிழிந்தெடுத்த துணிபோல் இருக்கும். அந்த உடம்போடு ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் முன்கூட்டியே கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்வதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அவரைச் சுகமாகக் கொண்டுபோவதற்காகச் செய்த வேலை அது.

ஐப்பசியில் அந்தச் சம்பவம் நடந்தது. பின்னால் பதினைந்து நெல்மூட்டைகள். மண்முனைப் பக்கமாக வந்துகொண்டிருந்தபோது சைக்கிளில் ஒரு பாடசாலைப் பிள்ளை குறுக்கே கிறுகியது. மருமகன் பிரேக்கை ஏறி மிதித்தான். வண்டியின் மூக்கு நிலத்தைக் குத்துவதுபோல் சாய்ந்தது, ஆனால் வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் வீதியோரத்து மண்ணில் ஏறித்தான் நின்றது. பிள்ளைக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்குமோ என்னவோ. அவள் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சைக்கிளை உழக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அது ஒன்றுமில்லை. மருமகன் இறங்கி வரம்பில் குந்திவிட்டான்.

"நான் இனி இத ஓடமாட்டன் மாமா."

அவன் என்மேல் கோபப்பட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிரேக் பாட் மாற்றினோம், எண்ணெய் மாற்றினோம். அதே நிலைதான். கடைசியில், முன்னொரு காலத்தில் பாதையின் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவரும், இப்போது வளவுக்குள் ஒரு கொட்டில் போட்டு உழவு இயந்திரங்களைத் திருத்துபவருமான ஒரு பெரியவரிடம் போனோம். அவர் வண்டியைத் தொடவே இல்லை. மூட்டைகளை ஏற்றியபடியே இரண்டு மைல் ஓடி, அடிக்கடி பிரேக் பிடித்து வரச்சொன்னார். வந்ததும் என்னை அழைத்தார்.

"முன் சில்லுக்குக் கிட்டக் கையக் கொண்டுபோங்க தம்பி. தொட்டிராதீங்க."

அனல் அடித்தது.

"மறுகா பின் சில்லுக்குப் போங்க."

பின்பக்க டிரம் ஏறக்குறையக் குளிர்ந்தே இருந்தது. பிரேக்கின் முழுப்பாரத்தையும் முன் சில்லுகள் இரண்டும் தனியே சுமந்திருக்கின்றன. பின் சில்லுகள் வேலையே செய்யவில்லை.

அப்புறம்தான் அவர் அடியில் படுத்து டோர்ச் அடித்து ஒரு சிறு பொருளைக் காட்டினார். சட்டத்தில் ஒரு வால்வு. அதிலிருந்து ஒரு கம்பி பின் அச்சோடு இணைந்திருக்கிறது. பாரம் ஏற்றினால் சட்டம் தாழ்ந்து அச்சுக்குக் கிட்ட வரும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் போகும். வெறும் வண்டியென்றால் சட்டம் உயர்ந்திருக்கும், வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். இல்லாவிட்டால் பாரமற்ற பின் சில்லுகள் இறுகி வண்டி சுழன்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாங்கள் ஷக்கிளை நீட்டிச் சட்டத்தை உயர்த்திவிட்டு அந்தக் கம்பியை அப்படியே விட்டுவிட்டோம். பதினைந்து மூட்டை ஏற்றிய பின்னரும் அந்த வால்வு, வண்டி வெறுமையாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தது. பாட் மாற்றி என்ன பயன்?

மற்றவற்றுக்கும் அன்றே விடை கிடைத்தது. 'டக்' சத்தத்துக்குக் காரணம் ஷொக் அல்ல. டோஷன் பாரை அளவுக்கு மீறி இறுக்கியதால் சில்லுக்குக் கீழே இறங்குவதற்கு இடமே மிச்சமில்லை. பள்ளம் வந்தால் மேற்கை போய்த் தன் தடுப்பில் முட்டுகிறது. தண்டை இறுக்கினால் வில் கடினமாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். தண்டின் வலு மாறுவதில்லை. இறங்கும் தூரம்தான் குறைகிறது. நடுக்கத்துக்குக் காரணம் ஷக்கிள்: வில்லின் பின்முனை தாழ்ந்ததால் அச்சே சற்று உருண்டு அதன் மூக்கு மேலே பார்க்கிறது. கியர்பெட்டியிலிருந்து வரும் தண்டின் இரு மூட்டுகளும் ஒரே கோணத்தில் இருந்தால்தான் ஒன்றின் நடுக்கத்தை மற்றது அழிக்கும். டயர் தேய்ந்தது, உயர்த்தியபின் சில்லுக் கோணங்களைச் சரிபார்க்காததால். இவற்றோடு, முன் சில்லைச் சுழற்றும் சி.வி. ஜொயின்ட்டின் றப்பர் உறை ஒன்று கூடிய சாய்வில் வளைந்து வளைந்து கிழிந்தே போயிருந்தது. கிறீஸ் சிதறியிருந்தது. அந்த நிலையில் வெள்ளத்தில் இறக்கியிருந்தால் மணலும் உப்புநீரும் உள்ளே போயிருக்கும்.

இத்தனையும் காட்டிவிட்டு அவர் கேட்ட கேள்விதான் என்னை ஊமையாக்கியது. "என்னத்துக்குத் தம்பி உசத்தின நீங்க?"

வெள்ளத்துக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. பின் அச்சின் நடுவிலுள்ள உருண்டையைக் காலால் தட்டினார். "இது உசந்திருக்கா?"

உயரவில்லை. ஷக்கிளும் டோஷன் பாரும் உடம்பை உயர்த்துமே தவிர அச்சை உயர்த்துவதில்லை. அச்சை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே. சூடேறிய அந்த உருண்டை குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்றுச் சுருங்கி, மேலேயுள்ள சிறு மூச்சுத்துளை வழியாக நீரை உறிஞ்சும். எண்ணெய் பால்போல் வெளுத்துவிடும். அந்தத் துளைக்கு ஒரு குழாய் பொருத்தி உயரத்தில் கட்டிவிட்டால் போதும். ஹார்ட்வெயார் கடையில் சில நூறு ரூபாய்ச் சாமான். இயந்திரம் காற்றை எங்கிருந்து எடுக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். இவை எதையும் நாங்கள் செய்யவில்லை. நாங்கள் செய்ததெல்லாம் வண்டியை அழகாக்கியதுதான்.

ஓடும் நீரைப் பற்றியும் சொன்னார். அது பின்னர் நான் தேடி வாசித்த அமெரிக்க வானிலைத் திணைக்களத்தின் எச்சரிக்கையோடு ஒத்துப்போனது: ஓரடி நீர் ஓடினாலே சிறிய கார்கள் அடித்துச் செல்லப்படலாம், இரண்டடி ஓடினால் டபிள் கெப் போன்றவையும் தப்பா. அங்கே இரண்டு அங்குலத்தால் ஆவதொன்றுமில்லை.

நான்கு நாள் வேலை. பழைய ஷக்கிள் திரும்பப் பூட்டப்பட்டது. வருடக்கணக்கில் மூட்டை சுமந்து தட்டையாகிப்போன வில்லுத்தகடுகளைக் கழற்றி மீண்டும் வளைத்தார்கள். அதிலேயே இழந்த உயரத்தில் ஓர் அங்குலம் வந்தது. டோஷன் பார் தளர்த்தப்பட்டது. வால்வுக் கம்பி புதிய உயரத்துக்குச் சீர்செய்யப்பட்டு, பாரத்தோடும் பாரமின்றியும் ஓடிப் பார்க்கப்பட்டது. இரண்டு தடவையும் நான் பின் டிரம்முக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனேன். பாரத்தோடு ஓடியபோது சூடு இருந்தது. அந்தச் சூடு கையில் பட்டபோது வந்த நிம்மதியை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. விளக்கை ஒரு சுவரின் முன்னால் நிறுத்திக் கோடு கீறித் தாழ்த்தினோம். 500 கிலோமீற்றர் ஓடியபின் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். மருமகன் அந்த எண்ணைத் தகட்டில் ஒட்டி வைத்தான். வெட்டிச் செய்த அந்த ஷக்கிள்கள் இப்போது மாட்டுப்பட்டிக் கடப்புக்குக் கீல்களாக இருக்கின்றன.

மருமகன் மீண்டும் ஓட ஒரு கிழமைக்கு மேல் சென்றது. அதுவரை வாடகை வானில் அத்தானைக் கொண்டுபோனோம்.

மாரிக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருந்தது. ஒருநாள் அக்கா சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "கார்த்திகை தொடக்கம் தை மட்டும் உன்ர வீட்டில இருக்கட்டுமே." ஆரையம்பதியில் என் வீட்டிலிருந்து வைத்தியசாலைக்குப் போக மாரியில் தாழும் அந்த உள்வீதிகளைத் தாண்டவேண்டியதே இல்லை. இந்த யோசனை எனக்கு ஏன் முதலில் வரவில்லை என்று இன்றும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். கேட்டிருந்தால் அத்தான் மறுத்திருப்பார் என்று ஒரு சமாதானம் இருக்கிறது. மைத்துனன் வீட்டில் மாதக்கணக்கில் தங்குவது எங்கள் பக்கத்து ஆண்களுக்கு அவ்வளவு இலகுவல்ல. உண்மையில் நான் அவரைக் கேட்கவே இல்லை. கராஜைத்தான் கேட்டேன்.

முதல் மழைக்கு முன்னர், ஒரு வெள்ளிக்கிழமை, அத்தான் வந்து சேர்ந்தார். ஒரு பையில் சாரங்கள், மருந்துப் பெட்டி, ஒரு சட்டித் தயிர். இறங்கும்போது வண்டியின் பின்பக்கத்தை ஒருதரம் பார்த்தார்.

"இப்ப ஏறி இறங்கக் காலுக்குச் சுகமா இருக்கு" என்றார்.

அவருக்கு முழங்கால் வருத்தமும் இருந்தது. உயர்த்திய வண்டியில் அவர் எப்படி ஏறி இறங்கினார் என்பதை நான் ஒருநாளும் கவனிக்கவில்லை.