தகரப் பெட்டியில் இருந்த மாத்திரைகள்

மேல்மலையனூருக்கு நாங்கள் சகோதரர்கள் மூவரும் சேர்ந்து செல்வது அமாவாசைக்கு மட்டுமே. செஞ்சியிலிருந்து வடக்கே செல்லும் சாலை அன்று நிரம்பி வழியும். நள்ளிரவில் அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவம் காண வருவோர் கூட்டம் பிற்பகலிலேயே தொடங்கிவிடும். சித்தப்பாவின் வீடு அங்கிருப்பதால் எங்களுக்குத் தங்குமிடத் தொல்லை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் அப்படிச் சென்ற ஓர் அமாவாசையில் நடந்ததை எழுதலாமா, கூடாதா என்று எங்களுக்குள் நெடுநாள் விவாதம் இருந்தது. இறுதியில் எழுதச் சொன்னவர் சித்தப்பாவேதான். ஊர்ப்பெயரை மறைக்க வேண்டாம், தன் பெயரை மறைத்தால் போதும் என்றார்.

அன்று மாலை ஏழு மணியளவில், திண்ணையில் அமர்ந்திருந்த சித்தப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். முகமெல்லாம் வியர்வை. எங்களில் மூத்தவர் இதய நோயாளி. நாவின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை அவருடைய சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அதைப் பிரித்துச் சித்தப்பாவின் வாயருகே கொண்டுபோனார். சித்தி அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

“வெக்காதீங்க தம்பி. அவரு நேத்து ராத்திரி வேற மாத்திர போட்டிருக்காரு. சேத்துப் போடலாமான்னு தெரியல.”

என்ன மாத்திரை என்று கேட்டோம். சித்தி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, பிள்ளைகளைப்போல் வளர்த்த எங்களிடம், சொல்லக் கூசும் அச்செய்தியைச் சொன்னார்.

108 வண்டியில் மருத்துவமனைக்குச் சென்றதும் மருத்துவரிடம் அதையே முதலில் கூறினோம். நெஞ்சுவலிக்கு வழக்கமாகத் தரும் நைட்ரேட் வகை மருந்தைத் தவிர்த்து வேறு சிகிச்சை அளித்தார்கள். சித்தப்பா பிழைத்தார்.

மறுநாள் மருத்துவர் விளக்கியது இது. வயாகரா என்று உலகம் அறிந்த சில்டெனாஃபில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள சாண்ட்விச் ஊர் ஆய்வகத்தில், முதலில் நெஞ்சுவலிக்காகவே ஆராயப்பட்ட மருந்து. ஆண்மைக் குறைபாட்டுக்கான மருந்தாக 1998 மார்ச்சில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நைட்ரேட் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. சில்டெனாஃபில் அவ்விரிவைக் குறையவிடாமல் நீட்டிக்கிறது. இரண்டும் உடலில் சந்தித்தால் இரத்த அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்குச் சரியக்கூடும். சில்டெனாஃபில் உண்டபின் 24 மணி நேரமும், டாடலாஃபில் உண்டபின் 48 மணி நேரமும் நைட்ரேட் கூடாது. சித்தப்பா உண்டு அப்போது 21 மணி நேரமே ஆகியிருந்தது.

ஊர் திரும்பியதும் சித்தி ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், பரண்மேல் ஒளிந்திருந்த பெட்டி. பாறைக் குன்றுகள் சூழ்ந்த அந்தச் சீமையின் கோடையில் அதற்குள் எவ்வளவு சூடு இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டிய மாத்திரைகள் அவை. கடையில் கத்தரித்துக் கொடுத்த அட்டைத் துண்டுகளில் தேதியே இல்லை. ஒரே ஒரு முழு அட்டையில் தேதி இருந்தது. அது காலாவதியாகி இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணை எச் மருந்தைக் கடைக்காரர் கேள்வியின்றிக் கொடுத்திருக்கிறார். வாங்கியவரும் வெட்கத்தால் எதுவும் கேட்கவில்லை.

பழையது வேலை செய்யவில்லை என்று அன்றிரவு ஒன்றுக்கு இரண்டாக, 50 மில்லிகிராம் மாத்திரைகள் இரண்டைப் போட்டிருக்கிறார். 65 வயதைக் கடந்தவர்க்கு 25 மில்லிகிராமில் தொடங்குவதே முறை. அவருக்கு வயது 67.

காலாவதித் தேதி என்பது மாத்திரை நஞ்சாகும் நாளன்று. சொன்னபடி வைத்திருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள்வரை அதன் வீரியத்துக்குத் தயாரித்தவர் பொறுப்பு; அவ்வளவுதான். அமெரிக்க இராணுவத்துக்காக 1986 முதல் நடைபெறும் சோதனைகளில் பல மருந்துகள் தேதி கடந்தும் கெடாமல் இருந்ததுண்டு. ஆனால் அவை உறை பிரிக்காமல், முறையான கிடங்கில் இருந்தவை. பரண்மேல் வெந்த மாத்திரையில் எவ்வளவு மருந்து மிஞ்சியிருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. வீரியம் போயிற்று என்று நம்பி இரண்டாக உண்பதும், வீரியம்தான் போயிற்றே என்று நெஞ்சுவலி மாத்திரையைச் சேர்ப்பதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

கிணற்றிலோ ஏரியிலோ எறியாமல், மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய தேயிலைத் தூளோடு கலந்து, பையிலிட்டுக் கட்டிக் குப்பையில் சேர்த்தோம். பிள்ளைகளின் கைக்கோ ஆடுமாடுகளின் வாய்க்கோ அவை போய்விடக் கூடாதல்லவா?

வாசக நண்பர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். அன்று காலைவரை நாங்களும் சிரித்திருப்போம். வீட்டிலிருக்கும் பெரியவர்களின் மாத்திரைப் பெட்டியை ஒருமுறை பாருங்கள், கேலியின்றிக் கேளுங்கள். சித்தப்பா அதன்பின் முறையாக மருத்துவரைப் பார்த்தார். இதயத்தையும் சேர்த்துச் சோதித்துக்கொண்டார். இப்போது அமாவாசை தோறும் எங்கள் அண்ணனின் சட்டைப்பை மாத்திரையை வாங்கித் தேதி பார்த்துக் கொடுப்பவர் அவர்தான். சித்தி அடுப்படியிலிருந்தே, “என்ன தேதி போட்டிருக்கு?” என்று உரக்கக் கேட்பார்.