மட்டக்களப்புக்கு முன் காசிமேடு

இலங்கையின் மட்டக்களப்பில் பிள்ளைகளோடு இசை சிகிச்சை வேலை செய்யப் போகும் குழுவில் என் பெயர் வந்ததும், பாட்டுப் பட்டியல் போட உட்கார்ந்தேன். எங்களைத் தயார்செய்த அக்கா அதைப் பார்க்கவே இல்லை. "மொதல்ல காசிமேட்டுல யார் வூட்ல எந்தப் பாட்டு எப்ப ஓடுதுன்னு கேட்டுட்டு வா."

நானும் வடசென்னைதான், திருவொற்றியூர்க்காரி. தியாகராஜர் எங்கள் திரிபுரசுந்தரிமேல் ஐந்து கீர்த்தனை பாடினார் என்று வீட்டில் பெருமை பேசுவார்கள். அதே தெருவில் சாவு விழுந்து விடிய விடிய மரண கானா கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள்.

ராயபுரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில்தான் பயிற்சி. உடன் படிக்கும் பையன் உற்சாகமாக டோலக்கில் கை வைத்தான். "யாருப்பா போய்ட்டது?" என்றார் ஒரு பாட்டி. அக்கா அவனைத் திட்டவில்லை. பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கடைசியாக எந்த வீட்டில் கானா கேட்டார் என்று விசாரித்தார். அன்றைய வகுப்பு அந்தப் பேச்சிலேயே போனது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தாத்தா ஒருவருக்கு இரைப்பு. அக்கா வாயே திறக்காமல் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, அதே வேகத்தில் கட்டில் கம்பியில் விரலால் தட்டினார். தாத்தாவின் விரலும் சேர்ந்துகொண்ட பிறகே தட்டை ஒரு நூல் தளர்த்தினார். ஆள் இருக்கும் நிலையிலிருந்து தொடங்கி மெல்ல நகர்த்தும் இந்த முறையை 1940களில் ஆல்ட்ஷுலர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் எழுதிவைத்தார். புத்தகத்தில் அது இரண்டு வரி. கையில் வருவதற்கு எனக்கு வெகுநாள் பிடித்தது.

இரத்த அழுத்தத்துக்கு இந்த ராகம், தூக்கத்துக்கு அந்த ராகம் என்று மருந்துச்சீட்டு மாதிரி அட்டவணை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை விட்டுப்போனது. கேட்பவருக்குப் பிடித்த, பழகிய பாட்டுதான் முதலில் வேலை செய்கிறது.

மட்டக்களப்பில் பறை கோயிலிலும் ஒலிக்கும், சாவிலும் ஒலிக்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாட்டு உண்டு. 2004 சுனாமி காசிமேட்டைப் போலவே அந்தக் கரையையும் அடித்தது. யாரும் கேட்காமல் கடல் பாட்டை எடுப்பதில்லை என்று முடிவுசெய்தோம். வாத்தியங்களை அங்கேயே வாங்கி, அங்கேயே விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு.

"அங்க இருக்கிற டீச்சர் என்னவிட நல்லா பாடினா?" என்று அக்காவிடம் கேட்டேன், கொஞ்சம் பயத்தோடுதான்.

"ஓரமா உக்காந்து தாளம் போடு. வேற இன்னா?"