குமரேசன் நம்பியது

அமெரிக்காவின் நிறவெறியைப் பற்றி ஹார்ப்பர் லீ எழுதிய நாவல் 1960இல் வந்தது. யாருக்கும் தீங்கு செய்யாமல் பாட மட்டுமே தெரிந்த ஒரு பறவையை அதில் அவர் கள்ளமின்மைக்கு அடையாளமாக வைத்தார். செய்யாத குற்றத்துக்குப் பழி சுமக்கும் கறுப்பினத் தொழிலாளி டாம் ராபின்சன் அப்படியொரு பறவை. அந்த நாவலை நான் மதிக்கிறேன். ஆனால் தருமபுரி மண்ணில் வயதான எனக்கு அந்தப் பறவையைவிட நெருக்கமானவன் பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யில் வரும் குமரேசன்.

2013இல் வெளிவந்த அந்த நாவல் எங்கள் மாவட்டத்து இளவரசனுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. சாதி கடந்து மணம் செய்துகொண்ட தலித் இளைஞர் அவர். பெண்ணின் தந்தை இறந்ததை அடுத்து, 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. கல்யாணத்துக்கும் அந்த வீடுகளில் குடியிருந்தவர்களுக்கும் என்ன சம்பந்தம்? 2013 ஜூலை 4 அன்று தருமபுரியில் ரயில் தண்டவாளத்தின் அருகே இளவரசனின் உடல் கிடந்தது.

நாவலின் குமரேசன் கிராமத்துப் பிள்ளை. பிழைக்கப் போன ஊரில் சோடாக் கடை வேலை. அங்கே சரோஜாவைக் காதலித்து, கல்யாணம் முடித்து, வேறு எங்கும் போகாமல் நேராகத் தன் ஊருக்கே கூட்டிவருகிறான். கொஞ்ச நாள் பேசுவார்கள், பிறகு அடங்கிவிடுவார்கள், அம்மா மனம் இறங்கிவிடுவாள் என்று நம்புகிறான். வெயில் கொதிக்கும் பாறை மேல் இருக்கும் குடிசையில் சரோஜா ஒவ்வொரு நாளையும் அந்த நம்பிக்கையை வைத்துத்தான் தள்ளுகிறாள். வருகிறவர், போகிறவர் எல்லோரும் அவளிடம் கேட்பது ஒன்றேதான்: என்ன சாதி?

பெருமாள்முருகன் கடைசிவரை இரண்டு பேருடைய சாதியையும் சொல்வதில்லை. இந்த நாவலின் பெரிய பலம் இதுதான் என்பேன். பெயரைச் சொல்லியிருந்தால், ‘அது அந்தச் சாதிக்காரர்கள் செய்வது’ என்று நாம் தப்பித்துக்கொண்டிருப்போம். இப்போது படிக்கிற ஒவ்வொருவரும் தன் ஊரைத்தான் அங்கே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

குமரேசனை விவரம் தெரியாத பையன் என்று என் வயதுக்காரர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அவன் நம்பியது யாரை? தூக்கி வளர்த்தவர்களை, தன்னோடு வெயிலில் காய்ந்தவர்களை, பெற்ற தாயை. ஒரு பிள்ளை இவர்களை நம்புவது அறியாமை என்றால், வளர்ப்பு என்று நாம் செய்ததெல்லாம் எதற்கு? ஓர் ஊரின் யோக்கியதையை அளக்க அந்த நம்பிக்கையைவிடச் சரியான கோல் கிடையாது. டாம் ராபின்சனைத் தண்டித்த வெள்ளையர்கள் அவனைத் தங்களில் ஒருவனாக எண்ணியதே இல்லை. குமரேசனுக்கு எதிரே நிற்பவர்கள் அவனுடைய சொந்த ஜனம்.

நாவலின் முடிவில் அவன் ஊரில் இல்லாத இரவில், கர்ப்பிணியான சரோஜா முள்புதருக்குள் ஒளிந்திருக்க, ஊர்க்காரர்கள் கூட்டமாக நின்று புதரைச் சுற்றித் தீ வைக்கிறார்கள். அப்போது அவள் காதில் அவனுடைய சைக்கிள் சத்தம் விழுகிறது. பிழைத்தாளா என்று எழுத்தாளர் சொல்லவில்லை. இளையவர்கள் என்னிடம் கேட்பதும் அதைத்தான்.

எனக்கோ அந்தக் கூட்டத்தில் நிற்கும் மாராயியை விட்டு மனம் நகர மறுக்கிறது. குமரேசனின் தாய் அவள். கணவனை இழந்து, ஒற்றை ஆளாக அவனை ஆளாக்கியவள். நாள் முழுக்க ஒப்பாரி வைத்து மருமகளைக் கரித்துக்கொட்டுகிறாள். அவளுக்கு மகன் மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஊர் ஒதுக்கிவிடும் என்ற பயம் அந்தப் பாசத்தையும் தின்றுவிட்டது. அவளை ராட்சசி என்று திட்டிவிட்டுப் புத்தகத்தை மூடுகிறவர்களைப் பார்க்கிறேன். மகனோ மகளோ வேறு சாதியில் ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்ற பயம்தான் நம் வீடுகளிலும் முதலில் எழுகிறது. அந்தப் பயத்தை மாராயியிடம் அடையாளம் கண்டுகொண்ட பெற்றோர் ஒருவரையாவது சந்திக்க ஆசைப்படுகிறேன். அவரோடு உட்கார்ந்து இந்த நாவலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும்.