கத்திரி நாட்களில் கொல்லைப்புறம்

சித்திரைக் கடைசியில் காரைச்செடி இலையெல்லாம் கொட்டிவிட்டு, முள்ளும் குச்சியுமாக நிற்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் "போச்சு" என்றுதான் சொல்வார்கள். கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும். பச்சை தெரிந்தால் அதை அப்படியே விட்டுவிட வேண்டும். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. நாட்டுச் செடிகளை வீட்டில் வளர்ப்பவர்கள் கத்திரி வெயிலில் முதலில் பழக வேண்டியது இந்த நகச் சுரண்டலைத்தான்.

எங்கள் வீடு வானூர்ப் பக்கம், செம்மண் மேட்டில் இருக்கிறது. மழை பெய்தால் மண் கரைந்து ஓடி, பள்ளம் பள்ளமாக அறுத்துக்கொண்டு போகிற ஊர். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். தை பிறந்த பிறகு வானத்தை நம்பி எதுவும் செய்ய முடியாது. ஆனால் இதே மண்ணில், இதே மழையை வைத்துக்கொண்டு, ராமநாதபுரம் தொடங்கி ஆந்திரக் கரை வரைக்கும் ஒரு காடு இருந்தது. உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் சொல்கிறார்கள். மரங்கள் உயரமாகப் போகாது, இலைகள் சின்னதாகத் தோல்போலத் தடித்திருக்கும், கோடையிலும் பெரும்பாலானவை பச்சையாகவே நிற்கும். ஸ்ரீஹரிகோட்டாவிலும் கோடியக்கரையிலும் சென்னைக் கிண்டியிலும் கோயில் காடுகளிலும் அதன் மிச்சம் இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்தில் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு. அங்கிருந்து ஒரு சுள்ளியைக்கூட எடுத்துவரக் கூடாது என்பது கட்டு. அதனால் நான் அங்கே போவது எடுத்துவர அல்ல, பார்த்துவர. இந்த வாரம் அங்கே எது பூத்திருக்கிறது, எது உதிர்க்கிறது என்று பார்த்துவந்தால் என் கொல்லையில் நடப்பது விளங்கிவிடும். இதைவிட நல்ல தோட்டக்கலைப் புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

பஞ்சாங்கக் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். சித்திரை 21 தொடங்கி வைகாசி 14 வரைக்கும் அக்னி நட்சத்திரமும் அதற்குள்ளேயேதான் வருகிறது. மனிதர்கள் வீட்டுக்குள் சுருண்டுகொள்கிற இந்த நாட்கள்தான் எங்கள் கொல்லைக்கு ஆண்டிலேயே பரபரப்பான காலம். புங்கன் பழைய இலையை உதிர்த்துப் பளபளவென்று புதுசு உடுத்திக்கொண்டு நிற்கும். அடியில் பூ கொட்டிக் கிடக்கும். சரக்கொன்றையில் இலை தெரியாது, மஞ்சள்தான் தெரியும். வெப்பாலை வெள்ளையாகப் பூத்திருக்கும். வெப்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறத்துக்கு மாறும். தோல் நோய்க்குத் தடவுகிற எண்ணெய் அது. கத்திரி வெயிலால் நேரடியாகக் கிடைக்கும் லாபம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

காயாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைப் பாடுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பூவைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? எங்கள் பக்கம் காசா மரம் என்பார்கள். ஆண்டு முழுக்க ஒரு சாதாரணப் பச்சைப் புதராக, யார் கண்ணிலும் படாமல் நிற்கும். ஒரு கோடை மழை தொட்டுவிட்டுப் போகும். பிறகு ஒரு காலை எழுந்து பார்த்தால் கிளையின் கணுக்களில் நீலம் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். இலைகளுக்கு நடுவே மறைந்து பூப்பதில்லை, வெறுங்கட்டையிலேயே பூக்கும். சில நாளில் முடிந்துவிடும். விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டால் அந்த ஆண்டுக் கணக்கு அவ்வளவுதான். காயா பூக்கிற நேரம் பார்த்துக் கல்யாணம் வைக்கிற உறவினர்கள்மேல் எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு அக்கா ஒவ்வொரு ஆண்டும் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார். "என்னம்மா, செடியெல்லாம் இப்படி வாடுது, ஒரு குடம் தண்ணி ஊத்த மாட்டியா?"

"ஊத்தினாதான் அக்கா அதுங்க கெட்டுப்போகும்."

"நல்லாருக்கு போ. நீ படிச்சவ, உனக்கு ஏதோ தெரியும்னு விடறேன்."

அக்கா விடுவதில்லை என்பது வேறு விஷயம். நான் இல்லாத நேரத்தில் ஹோஸை மதிலுக்கு மேலே நீட்டிவிடுவார். அதில் அன்பு இருக்கிறது, அதனால் சண்டை போட முடியாது. ஆனால் உறங்குகிற செடிக்குத் தினமும் தண்ணீர் காட்டினால் என்ன ஆகும் என்பதை அவர் நீர் எட்டுகிற அந்த ஓரத்திலேயே பார்க்கலாம். வெயிலுக்குப் பொருந்தாத இளந்தளிர் விடும். அந்தத் தளிரில் மாவுப்பூச்சி வந்து உட்காரும். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக முசுறு எறும்பு வந்து அதற்குக் காவல் நிற்கும். பிறகு வேப்பெண்ணெய்க் கரைசலைத் தூக்கிக்கொண்டு நாம் போய் எறும்புக் கடி வாங்க வேண்டும். மண்ணின் மேல்தோலை மட்டும் நனைக்கிற தினசரித் தெளிப்பில் வேரும் மேலேயே பரவிப் பழகிவிடும். இந்தக் காட்டுச் செடிகளின் பலமே வேர் கீழே இறங்கிப் போவதில்தான் இருக்கிறது. மேலே தண்ணீர் கிடைத்தால் அது ஏன் சிரமப்பட்டு இறங்கப் போகிறது?

கடந்த ஐப்பசியில் நட்ட கன்றுகளுக்கு மட்டும் தண்ணீர் கண்டிப்பாக வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரு குடம் முழுசாக, மெதுவாக, சாயங்காலத்தில். குழியைச் சுற்றித் தேங்காய் உரிமட்டையை நார்ப்பக்கம் மேலாகப் புதைத்து வைத்தால் ஈரம் கொஞ்சம் தங்கும். பெரிய கன்றுகளுக்கிடையே ஒரு மண்பானையைக் கழுத்து வரை புதைத்து நீர் நிரப்பி வைப்பது இன்னும் நல்லது. பானைச் சுவர் வழியே தண்ணீர் கசியக் கசிய வேர் அதைத் தேடி வரும். பெயின்ட் அடித்த அலங்காரப் பானை இதற்கு உதவாது. வாயை ஓட்டுச்சில்லால் மூடவில்லை என்றால் கொசுப் பண்ணை ஆகிவிடும். நாள்பட்ட பானையில் உப்பு படிந்து துளைகள் அடைத்துப்போகும், அப்போது புதுசு மாற்ற வேண்டியதுதான். இரண்டாவது கோடையில் பாதித் தண்ணீர் போதும். மூன்றாவது கோடையில் நகச் சுரண்டல் என்ன சொல்கிறதோ அதைக் கேட்டால் போதும்.

இதற்கு ஒரே விலக்கு ஈஸ்வரமூலிக் கொடி. எவ்வளவு வயதான கொடியானாலும் கத்திரியில் அதற்கு நான் தண்ணீர் ஊற்றுவேன், கொடிக்காக இல்லாவிட்டாலும் அதில் இருக்கும் புழுக்களுக்காக. உடலில் சிவப்பும் கருஞ்சிறகில் திட்டுகளுமாகப் பறக்கிற ரோஜா அழகி என்ற பட்டாம்பூச்சி இந்தக் கொடியின் இனத்தில்தான் முட்டையிடும். இலையிலுள்ள நஞ்சைப் புழு தின்று உடம்பில் சேர்த்துக்கொள்ளும். அதனால் பறவைகள் அதைத் தீண்டுவதில்லை. இதில் வேடிக்கை, அடுக்களைப் பக்கம் நிற்கிற கறிவேப்பிலை மரத்தில் வளர்கிற இன்னொரு பட்டாம்பூச்சி. நஞ்சு எதுவும் இல்லாத அப்பாவி அது. ஆனால் அதன் பெண்களில் ஒரு வகை ரோஜா அழகியின் உடையை அப்படியே போட்டுக்கொண்டு பறக்கிறது, பறவைகளை ஏமாற்ற. அசலும் நகலும் ஒரே கொல்லையில் திரிவதைப் பார்க்க ஈஸ்வரமூலியும் கறிவேப்பிலையும் போதும். கறிவேப்பிலையில் புழு என்று மருந்து அடிப்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். இலை போனால் திரும்ப வரும். குழம்புக்கு அதற்குள் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்.

சருகு விஷயத்தில் என் கட்சி பாதி வழிதான். வாசல் பெருக்கிக் கோலம் போடுகிற வீட்டில் பின்பக்கம் மட்டும் சருகு கணுக்கால் அளவுக்குக் கிடக்கட்டும் என்று சொன்னால் யாரும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சருகுதான் மூடாக்கு. அதற்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தால் நட்ட நடுப்பகலிலும் மண் குளிர்ந்திருக்கும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து இலையைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். அரணை ஓடும். கரையான் சருகைத் தின்று மண்ணாக்கும், பச்சை மரத்தின் பக்கம் பெரும்பாலும் போகாது. எல்லாம் சரி, ஆனால் பாம்புக்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது எனக்குப் பிடிக்காத வேலை. கண்ணாடி விரியன் சருகு நிறத்தில்தான் இருக்கும். ஆகவே வீட்டுச் சுவரை ஒட்டி ஓர் ஆள் அகலத்துக்குச் சுத்தமாகப் பெருக்கிய தரை, கிணற்றடிக்கும் துணி காயப்போடும் இடத்துக்கும் அகலமான நடைபாதை, இருட்டினால் டார்ச் இல்லாமல் இறங்குவதில்லை. இந்த மூன்றையும் கறாராக வைத்துக்கொண்டால் மற்ற இடத்தைக் காடாக விடலாம். சருகைக் குவித்து எரிப்பது மட்டும் எங்கள் வீட்டில் கிடையாது.

துணிக் கொடி பற்றிச் சொன்னேன். அந்தக் கம்பிக்கு நேர் கீழே நாங்கள் எதுவும் நடவில்லை. சின்னான் குருவி கம்பியில் உட்கார்ந்து எச்சமிட்டே அங்கே ஒரு வேலி முளைத்திருக்கிறது: காரை, சூரை, வேம்பு, கொஞ்சம் கோவைக்கொடி. கோடை மழை பெய்த மறுநாள் அந்த வரிசையில் குனிந்து உட்காருவது எனக்குப் பிடித்த வேலை. ஏனென்றால் இதே சின்னான்தான் உண்ணிச்செடிப் பழத்தையும் தின்கிறது. மண் ஈரமாக இருக்கும்போது உண்ணிச்செடிக் கன்று வேரோடு வந்துவிடும். நான்கு நாள் கழித்தால் தண்டுதான் அறுந்து கையில் வரும், வேர் உள்ளேயே இருந்துகொள்ளும். கன்றாக இருக்கும்போது இலையைக் கசக்கி மோந்து பார்த்தால் போதும், அந்தக் காட்டமான வாடையை வேறெதுவோடும் குழப்பிக்கொள்ள முடியாது. செங்காந்தள் கிழங்கு உறங்குகிற இடத்தில் மட்டும் ஒரு குச்சி நட்டு வைத்திருக்கிறேன். இப்போது அங்கே மேலே ஒன்றுமே தெரியாது. களைக்கொத்தி பட்டால் கிழங்கு போய்விடும்.

வைகாசி பாதி தாண்டியதும் வேலை விதைப் பக்கம் திரும்பும். இந்தக் காட்டு விதைகளில் இரண்டு சாதி உண்டு. கொன்றை, ஆவாரை போன்றவற்றின் விதை கல் மாதிரி, டப்பாவில் போட்டு வைத்தால் ஆண்டுக் கணக்கில் காத்திருக்கும். விதைக்கும்போது கொதித்து இறக்கிய தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் முளைக்க மனசு வராது. நாவலும் இலுப்பையும் நேரெதிர். காயவைத்துப் பத்திரப்படுத்தினால் செத்துப்போகும். பழம் விழுந்த சூட்டோடு கழுவி மண்ணுக்குள் போட்டாக வேண்டும். வேப்பங்கொட்டைக்கும் சில வார ஆயுள்தான். பெருமழைக்கு இன்னும் நான்கைந்து மாதம் இருக்கையில் மரங்கள் ஏன் இப்போதே அவசரமாக விதையைக் கொட்டுகின்றன என்று யோசித்திருக்கிறேன். ஆடி, ஆவணியில் சாயங்கால இடியோடு வருகிற சின்ன மழைகளே முளைப்பதற்குப் போதும். ஐப்பசி அடைமழை வரும்போது கன்றுக்கு வேர் பிடித்திருக்கும். அப்படித்தான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

பாலைப் பழம் கிடைத்தால் கொட்டையை எறியாமல் வாங்கி வைத்துக்கொள்வேன். வாயில் பிசுபிசுவென்று ஒட்டுகிற, தேன் மாதிரி இனிக்கிற மஞ்சள் பழம். மரம் வளர்வது மகா மெதுவு. நடுகிறவர் அதில் பழம் தின்பது சந்தேகம் என்பதால் நர்சரிகளில் யாரும் அதைக் கேட்பதில்லை. ஆனால் எல்லா நர்சரியிலும் அது இருக்கிறது. சப்போட்டாவை ஒட்டுக் கட்டுவது பாலைக் கன்றின் மேல்தான். சப்போட்டா ஒட்டுக்குக் கீழே தளிர் வந்தால் கிள்ளி எறியுங்கள் என்று சொல்லி அனுப்புவார்களே, அந்தத் தளிர் பாலை. ஒட்டு பிடிக்காமல் செத்த கன்றுகளை நர்சரிக்காரர் ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பார். அடியில் உயிர் இருந்தால் சும்மாவே கொடுத்துவிடுவார். என்னிடம் நிற்கிற பாலைகளில் பாதி அப்படி வந்தவைதான்.

இந்த ஆண்டும் செம்மண், மணல், மக்கிய எரு கலந்து பைகளை நிரப்பிக் கிணற்றடி நிழலில் அடுக்கியாகிவிட்டது. நாவலுக்கு ஒரு வரிசை, பாலைக்கு ஒன்று, வேம்புக்குத் தேவையில்லை, அதைச் சின்னான் பார்த்துக்கொள்ளும். காயா பழுத்தால் கறுத்த பழத்தைப் பிள்ளைகளுக்கு முன் பறித்து ஒரு வரிசை போட வேண்டும். ஐப்பசியில் கன்று கேட்டு வருபவர்களுக்கு எப்போதும்போல ஒரே நிபந்தனை, இரண்டாவது கோடைக்குப் பிறகு ஹோஸ் பக்கம் கையைக் கொண்டுபோகக் கூடாது. அக்கா இப்போதே இரண்டு காயா சொல்லி வைத்திருக்கிறார். எந்த நம்பிக்கையில் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.