டெபிட், கிரெடிட், அப்பா!

சொந்த வீடு வாங்க வக்கில்லாதவன் என்ன செய்வான்? ஒரு வேனுக்குத் திரைச்சீலை மாட்டி, 'இதுதான் வீடு' என்பான். நான் சொன்னேன்.

வெளிநாட்டில் இதற்கு 'கேம்ப்பர் வேன்' என்று பெயர். உள்ளேயே படுக்கை, அடுப்பு, வாஷ்பேஸின் எல்லாம் உண்டு. நம்மூரில் கேரவன் என்றால், ஷூட்டிங்கில் ஹீரோ ஏசி போட்டுக்கொண்டு ஷாட்டுக்கு வராமல் உட்கார்ந்திருக்கும் இடம். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. அதைப் படித்ததும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த தேசாந்திரி எழுந்து உட்கார்ந்தான். பாஸ்புக்கைப் பார்த்ததும் மறுபடி படுத்துவிட்டான். அவனைச் சமாதானப்படுத்த வாங்கியதுதான் அந்த செகண்ட் ஹாண்ட் ஆம்னி.

ஆம்னியைத் தெரியாதவர் உண்டா சார்? 1984-ல் மாருதி வேனாகப் பிறந்து, 2019-ல் தயாரிப்பு நிறுத்தப்பட்ட வண்டி. தமிழ் சினிமாவில் கதாநாயகியைக் கடத்துவதற்கென்றே அவதரித்தது. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். மே மாதத்தில் ஓட்டினால் இட்லிப் பானை மேல் உட்கார்ந்த சுகம். பின் சீட்டைக் கழற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கணும் என்று மெக்கானிக் பயமுறுத்தியதால் கழற்றவில்லை. சீட் மேல் பிளைவுட், பிளைவுட் மேல் மெத்தை, மெத்தை மேல் மனைவி, மனைவி மேல் பூனை. கேம்ப்பர் வேன் ரெடி!

பூனை பெயர் கிரெடிட். நாய் பெயர் டெபிட். சிரிக்காதீர்கள். பி.காம். முதல் வருஷத்தில் எங்கள் மண்டையில் அடித்து ஏற்றிய சூத்திரம்: 'உள்ளே வருவதை டெபிட் செய், வெளியே போவதை கிரெடிட் செய்.' நாய், ஒரு மழை ராத்திரியில் யாரையும் கேட்காமல் உள்ளே வந்தது. பூனை, யாரையும் கேட்காமல் வெளியே போகும். நான் படித்த படிப்புக்கு இந்த ஒரு உபயோகம்தான் இதுவரை.

இப்போது பிரச்னைக்கு வருகிறேன். அப்பா இருப்பது மரக்காணத்தில். நாற்பது வருஷம் உப்பளத்தில் கணக்கு எழுதியவர். அம்மா போன பிறகு தனியாகவே இருக்கிறார். சென்னைக்குக் கூப்பிட்டால், "உன் வீட்ல மூச்சு முட்டுதுடா" என்பார். சரி, நாங்கள் போகலாமென்றால் அவர் வீட்டில் ஒரு சட்டம். நாய், பூனை வாசப்படி தாண்டக்கூடாது. இதுகளை விட்டுவிட்டுப் போக இடமில்லை. லாட்ஜில் ரூம் கேட்டால் நாயைப் பார்த்துவிட்டு என்னையும் சேர்த்து வெளியே அனுப்புகிறார்கள். இப்படியே இரண்டு வருஷம் அப்பாவைப் பார்க்கவே போகவில்லை. வேன் வாங்கியதற்கு உண்மையான காரணம் இதுதான். கேரளா எல்லாம் சும்மா.

ஈ.சி.ஆரில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். வெள்ளை ஆம்னி, ஜன்னலெல்லாம் திரை. காட்டாமல் என்ன செய்வார்?

"உள்ள யாரு?"

"டெபிட், கிரெடிட் சார்."

"யோவ், ஜி.எஸ்.டி. ஆபீஸா?"

திரையை விலக்கியதும் டெபிட் அவர் தொப்பியை நக்கியது. போகச் சொல்லிவிட்டார்.

வழியில் கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டையில் பத்து நிமிஷம் நின்றோம். 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன கோட்டை. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். மிச்சமிருந்த சுவரில் டெபிட் தன் பங்குக்கு ஒரு காலைத் தூக்கி எதிர்ப்பைப் பதிவு செய்தது. அப்போதுதான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. 'இனிமே இதுக்குத் தண்ணி குறைச்சலா வைப்போம். மெத்தை தப்பிக்கும்.'

அப்பா வாசலில் நின்றிருந்தார். வேனைச் சுற்றி வந்தார். "இதுலயா படுக்கப் போறீங்க? வீட்டுக்கு வந்தவன் வாசல்ல வண்டியில படுத்தா, ஊரு என்னடா சொல்லும்?"

"அப்ப டெபிட்டை உள்ள விடுங்கப்பா."

"ஊரு சொன்னா சொல்லிட்டுப் போவுது."

அன்று ராத்திரி கொசுவும் நாங்களுமாக ஆம்னியில் படுத்தோம். ஜன்னல் வழியே பார்த்தால் திண்ணையில் அப்பா, தூங்காமல் விசிறிக்கொண்டிருந்தார். நடுவே பத்தடி தூரம்தான்.

விடியற்காலை உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சென்னைவாசிகள் ஒருமுறை அவசியம் பார்க்க வேண்டிய இடம். வெயிலுக்கு முன்னால் வேலை முடியணும் என்று இருட்டிலேயே ஆட்கள் இறங்கிவிடுகிறார்கள். நீளக் கம்பில் பலகை மாட்டி, பாத்தியில் உப்பை இழுத்து வரப்பில் குவிக்கிறார்கள். பெண்கள் தலையில் சுமந்து போய் அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். ஐப்பசி மழை இறங்கினால் வேலை முடிந்தது. மறுபடி தை, மாசிதான். சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே இந்த ஊர் உப்பளங்கள் வருகின்றன. ஆந்திராவில் தொடங்கும் பக்கிங்ஹாம் கால்வாய் இங்கே வந்துதான் முடிகிறது. இந்தப் பக்கம் கழுவேலி. 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. கிரெடிட்டை வேனிலேயே விட்டு, மனைவியைக் காவல் வைத்ததற்கு அதுதான் காரணம்.

அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். கடல் தண்ணியில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிட்டு, கடைசிப் பாத்திக்கு வரும்போது ஏழு மடங்குக்கு மேல் ஏறிவிடும். நான் அந்த நேரம் உப்புக் குவியலோடு செல்ஃபி எடுப்பதில் மும்முரமாக இருந்தேன்.

"டேய், நாயைப் பார்றா!"

திரும்பினால், டெபிட் கடைசிப் பாத்தியில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் இல்லாத தாகம். மெத்தையைக் காப்பாற்றிய லட்சணம்!

கால் மணி நேரத்தில் வாந்தி. அப்புறம் நடை தள்ளாடியது. நான் ஓடிப்போய் ஒரு வாளி நல்ல தண்ணீர் கொண்டுவந்தேன். அப்பா வாளியைப் பிடுங்கினார்.

"மொத்தமா குடுத்தா அதுவே எமன். அளத்து மாடு எத்தனை பார்த்திருக்கேன்! கொஞ்சங் கொஞ்சமா குடு. நீ வண்டிய எடு, பாண்டிச்சேரிக்குப் போவோம்."

எடுத்தேன். பின்னால் அப்பா. அவர் மடியில் டெபிட் தலை. நாய் வாசப்படி தாண்டக்கூடாது என்றவர், உள்ளங்கையைக் குழித்து ஒரு வாய், கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய் என்று தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தார். நாய் ஒருமுறை வெட்டி இழுத்தபோது, "ஒண்ணுமில்லடா ராஜா" என்றார். எனக்கு டைபாய்டு வந்தபோது கேட்ட குரல். முப்பத்தைந்து கிலோமீட்டரும் கண்ணாடியில் பின்னாலேயே பார்த்து ஓட்டினேன். நல்லவேளை, ரோட்டில் கூட்டமில்லை.

டாக்டர் டிரிப்ஸ் ஏற்றினார். உப்பு அதிகமானால் மூளையிலிருந்து நீரை இழுத்துவிடும், அவசரமாகத் தண்ணீரை ஊற்றினால் மூளை வீங்கிவிடும் என்று விளக்கிவிட்டு, "கொஞ்சங் கொஞ்சமா குடுத்தது யாரு? சரியா செஞ்சிருக்கார்" என்றார். அப்பா கூரையைப் பார்த்தார்.

"ராத்திரி தண்ணி வெச்சியாடா?" என்றார், திரும்பும்போது. பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உங்களில் நாய் வளர்ப்பவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பயணத்தில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். வெயிலில் வண்டியைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். வெளியே 32 டிகிரி என்றால் அரை மணியில் உள்ளே 45-ஐத் தாண்டிவிடும். மெத்தையைத் துவைத்துக்கொள்ளலாம் சார்.

அன்று ராத்திரியும் வேனில்தான் படுத்தோம். டெபிட்டை மட்டும், "காத்து வரும், திண்ணையில கெடக்கட்டும்" என்றார் அப்பா. நடு ராத்திரியில் லேசாகத் தூறல். காலையில் எழுந்து பார்த்தால் திண்ணை காலி. பதறிக்கொண்டு உள்ளே ஓடினேன். அப்பாவின் கட்டிலுக்கடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர்.

அப்பா என்னைப் பார்த்து அவசரமாகச் சொன்னார்: "நான் ஒண்ணும் கூப்பிடலை. அதுவா உள்ள வந்துது."

சரிதான்... உள்ளே வருவதுதானே டெபிட்!